வேட்டைக்குக் கூட வந்தவர்கள்

(கீழப்பாவூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'நண்பர்களோடு போன வேட்டை' என்று இன்றைய பேச்சுக்குத் தலைப்புக் கொடுத்தேன். அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் கூட்டம் நடத்துகிறவர்களுக்குக் கலக்கம் பிடித்தது. வனத்துறையிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். வரட்டும், நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடுங்கள் என்றேன். நான் துப்பாக்கி தூக்கியவன் இல்லை. சிறுவயதில் கையில் ஒரு கவட்டை இருந்தது. அதில் அடிபட்டதெல்லாம் பக்கத்து வீட்டு ஓடுகள். எனக்கு வேட்டை தெரியாது. வேட்டைக் கதைகள் தெரியும். அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இதைப் பேசக் கீழப்பாவூரைவிடப் பொருத்தமான ஊர் எது? பதினாறு கை நரசிம்மர் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. மேற்கே பார்த்தால் மலை: மிளா, கரடி, சிறுத்தை, யானை, உச்சிப் பாறைகளில் வரையாடு. கீழே இறங்கினால் குளங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகி, பிசான நடவு நடக்கும்போது கொக்கும் நாரையும் தாராவும் நாமக்கோழியும் வந்து இறங்கும். பெருவிலங்கு வேட்டை மேற்கே, நீர்ப்பறவை வேட்டை கிழக்கே. நடுவில் நின்று இரண்டு கதைகளையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

வேட்டைக் கதை எப்படிப்பட்டது என்று சொல்ல, டீக்கடை பெஞ்சில் காதில் விழுந்த ஒரு பேச்சு போதும்.

"அண்ணாச்சி, அந்தப் பன்னி எம்புட்டு உசரம் இருந்துச்சு?"

"ஒரு கன்னுக்குட்டி உசரம் இருக்கும்டே."

"போன பொங்கலுக்கு ஆட்டுக்குட்டி உசரம்னுல்லா சொன்னீய?"

"வளந்திருக்கும்லா."

"செத்த பன்னி எப்படி அண்ணாச்சி வளரும்?"

"கதையில வளரும்டே. நீ டீயைக் குடி."

விலங்கு வளரும். தூரம் நீளும். இருட்டு இன்னும் இருட்டாகும். ஒன்று மட்டும் வளராது, குறையாது: கூட வந்தவர்கள். யார் யார் வந்தார்கள், யார் சோற்றுப் பானை சுமந்தான், யார் பரண் மேலேயே குறட்டை விட்டான், யார் பன்றியைக் கண்டதும் மரம் ஏறினான் என்பதெல்லாம் நாற்பது வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். அந்த அண்ணாச்சி பன்றியின் உயரத்தில் பொய் சொன்னார். கூட்டாளிகளின் பெயரில் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் இன்று சொல்லவந்தது இதுதான். ஒரு வேட்டை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், என்ன விழுந்தது என்று கேட்காதீர்கள். கூட யார் வந்தார்கள், அவர்கள் பெயர் கதையில் நிற்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பழைய இலக்கியத்திலிருந்து நேற்றைய செய்தித்தாள் வரை நடந்துவிட்டு வரலாம்.

நாணனும் காடனும்

தமிழில் நண்பர்களோடு போன வேட்டைகளில் பெரியது எது? நான் தயங்காமல் சொல்வேன், பெரியபுராணத்தில் திண்ணன் போன முதல் வேட்டை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது. சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் அந்தத் திண்ணன் கண்ணப்பராக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணைப் பிடுங்கி அப்பிய கடைசிக் காட்சி எல்லோருக்கும் தெரியும். அந்தக் காட்சி வரைக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள்.

நாகன் என்ற வேடர் தலைவனுக்கு வயதாகிவிட்டது. மகன் திண்ணனைத் தலைவனாக்கி வேட்டைக்கு அனுப்புகிறான். காட்டை வளைத்து வலை கட்டியாயிற்று, நாய்களும் விட்டாயிற்று. ஒரு பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அத்தனை பேர் கூட்டத்தில் அதன் பின்னால் ஓட முடிந்தது மூன்று பேரால்தான்: திண்ணன், நாணன், காடன். பன்றி களைத்து நின்ற இடத்தில் திண்ணன் வாளால் வெட்டி வீழ்த்துகிறான். வீரம் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பசியும் தாகமும். இதைச் சுட்டுத் தின்னலாம், ஆனால் தண்ணீர் எங்கே? நாணனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போனால் பொன்முகலி ஓடுகிறது என்கிறான். பன்றியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆற்றங்கரையில் காடனைத் தீக்கடையச் சொல்லிவிட்டு, நாணனோடு திண்ணன் மலையேறுகிறான். அந்த மலையில் குடுமித்தேவர் இருக்கிறார், வா கும்பிடலாம் என்று சொன்னவனும் நாணன்தான்.

காட்டில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரு கூட்டாளி, தீ மூட்டிவிட்டுக் காத்திருக்கும் ஒரு கூட்டாளி. இந்த இருவர் இல்லாவிட்டால் திண்ணன் கண்ணப்பன் ஆகியிருக்க வழியில்லை. சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். அரசர்களோடு பழகிய அவர், ஒரு வேட்டையின் எடுபிடி ஆட்கள் என்று இவர்களை விட்டுவிடவில்லை. இருவருக்கும் பெயர் உண்டு, பேச்சு உண்டு, வேலை உண்டு. திண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பயந்து ஊருக்கு ஓடி அப்பனிடம் சொல்லும் அக்கறையும் உண்டு.

அதே பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வேடர்கள் யானைக்கன்றைத் துரத்த மாட்டார்கள், குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள், சினைப்பட்ட விலங்கின் மேல் கை வைக்க மாட்டார்கள் என்று சேக்கிழார் சொல்கிறார். ஆங்கிலேயர் ஆட்சி 1912இல் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, இன்னின்ன காலத்தில் வேட்டையாடக் கூடாது என்று மாகாண அரசுகள் தடை போட வழி செய்தது. அந்தக் கட்டுப்பாட்டின் கருத்து எண்ணூறு ஆண்டுக்கு முன்பே நம் புலவர் ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. வேட்டைக்குப் போனவர்களோடு பழகாமல் இதை எழுதியிருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் புறநானூற்றில் கொல்லிமலை வல்வில் ஓரி. ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துக்கொண்டு கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடுகிறார். நம் டீக்கடை அண்ணாச்சிக்கு எவ்வளவு பெரிய முன்னோடி பாருங்கள்! ஆனால் அந்தப் பாட்டின் உயிர் அம்பில் இல்லை. பசியோடு வழியில் வந்த பாணர் கூட்டத்தை, அவர்கள் யாரென்று கேட்காமலே, மான் இறைச்சியும் மதுவும் கொடுத்து உபசரிக்கிறானே, அங்கே இருக்கிறது. வேட்டை என்றால் பங்கு. நம் ஊர்ப்புறங்களிலும் அப்படித்தான். அடித்தவனுக்கு ஒரு கூறு, கலைத்தவனுக்கு ஒரு கூறு, நாய்க்கு ஒரு கூறு. கூறு போடாமல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவனை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சிங்கனும் நூவனும்

மலையிலிருந்து குளத்துக்கு இறங்குவோம். நீர்ப்பறவை வேட்டைக்கு நம் சொந்த இலக்கியம் இருக்கிறது. இங்கிருந்து மேற்கே போனால் வரும் மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். குற்றாலக் குறவஞ்சியைப் பள்ளியில் படித்தவர்களுக்கு வசந்தவல்லி பந்தடித்ததும், குறத்தி மலைவளம் சொன்னதும் நினைவிருக்கும். பின்பாதியைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கேதான் சிங்கன் வருகிறான், பறவை பிடிக்க. துணைக்கு நூவன்.

சிங்கன் வேட்டை மன்னன் இல்லை, பரண் கட்டி உட்கார்ந்த சமீன்தாரும் இல்லை. கண்ணி வைத்துப் பறவை பிடித்துப் பிழைக்கிறவன். அவனுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று பாருங்கள். எந்தப் பறவை எங்கே இறங்கும், எந்த வயலில் மேயும், எப்போது எழும்பும் என்று அவன் அடுக்கும்போது குற்றாலநாதர் கோயிலுக்குரிய வயல்களும் குளங்களும் பெயர் பெயராக வருகின்றன. கூழைக்கடா, நாரை, கொக்கு என்று பறவைகளும் வரிசையாக வருகின்றன. மதுரை நாயக்கர் அரசு இந்த நூலுக்குப் பரிசாகக் கவிராயருக்குக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். அந்த நூலை நான் ஒரு நிலப்பதிவேடாகவும் படிக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நம் வட்டாரக் குளங்களில் என்னென்ன இறங்கின என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம்மிடம் எது இருக்கிறது?

சரி, வேட்டை என்ன ஆயிற்று? பறவை பிடிக்க வந்தவன் மனம் பாதியில் தன் மனைவி, அந்தக் குறத்தி சிங்கியைத் தேடிக்கொண்டு போய்விடுகிறது. கண்ணி ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். நூவன் சும்மா இருப்பானா? அவனுக்குக் கிண்டலுக்குக் குறைவில்லை. தோழன் தடுமாறும்போது கேலி செய்வதும், கேலி செய்துகொண்டே கூட நிற்பதும்தான் நூவன் வேலை. வேட்டைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய நாளைத்தான் அதிகம் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். கவிராயருக்கு இந்த மனநிலை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எண்ணிக்கை வேட்டை

இப்போது வேறொரு வகை வேட்டைக்கு வருகிறேன். 1938 நவம்பர் 12. இராசத்தானில் பரத்பூர் சதுப்பு நிலம். வைஸ்ராய் லின்லித்கோவுக்கு மகாராசா வைத்த விருந்து. ஒரே நாளில் சுட்டு விழுத்திய பறவைகள் 4,273. அந்த எண்ணைக் கல்லில் வெட்டி அங்கேயே நட்டு வைத்திருக்கிறார்கள். இன்ன தேதி, இன்ன விருந்தாளி, இத்தனை துப்பாக்கி, இத்தனை பறவை என்று வரிசை வரிசையாக. அத்தனை பறவைகளைத் தண்ணீருக்குள் இறங்கிப் பொறுக்கி வந்தவர்கள் பெயர் அந்தக் கல்லில் இல்லை. எந்தப் பறவை எத்தனை என்பதும் இல்லை. நினைவில் வைத்துக்கொள்ள அங்கே ஒரு எண்ணைத் தவிர வேறொன்றும் கிடையாது.

பெருவிலங்கு வேட்டையிலும் இதே கதைதான். வெள்ளைக்காரத் துரைகள் எழுதிய பல நூல்களில் கொம்பு எத்தனை அங்குலம், புலி மூக்கிலிருந்து வால் நுனிவரை எத்தனை அடி என்று துல்லியமாக இருக்கும். தடம் பார்த்துக் கூட்டிப்போனவன் வெறும் 'சிக்காரி'. காடு கலைத்தவர்கள் 'கூலிகள்'. நம் மலைகளில் காணிகளும் பளியர்களும் தடம் சொல்லாமல் எந்தத் துரையும் எந்தச் சமீன்தாரும் ஒரு மிளாவைக்கூடப் பார்த்திருக்க முடியாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, புழுக்கை எவ்வளவு புதியது, குரங்கு ஏன் கத்துகிறது என்று படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். துப்பாக்கி பிடித்தவனுக்கு விரலை அழுத்துவது ஒன்றுதான் மிச்சம்.

விதிவிலக்கு உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், 1910 முதல் 1974 வரை இருந்தவர், ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி நிறைய எழுதினார். தர்மபுரிப் பக்கத்துக் காட்டில் வாழ்ந்த பைரா என்பவரைத் தன் நண்பர் என்று பெயர் சொல்லி எழுதுகிறார். காட்டைப் படிக்க அவரிடம் கற்றதாகவும் சொல்கிறார். ஆண்டர்சனின் புலிகளில் எது எத்தனை அடி என்று எனக்கு நினைவில்லை. பைரா நினைவிருக்கிறார். என் கேள்விக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஒரு கணக்கை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம் மலையின் விலங்குகளைக் குறைத்தது துப்பாக்கி மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மை. 1929இல் சிங்கம்பட்டி சமீன் 8,000 ஏக்கருக்கும் மேலான காட்டை பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலையில் தேயிலை வந்தது அப்படித்தான். வேட்டைக்காரன் ஒரு மிளாவைக் கொன்றால் அடுத்த ஆண்டு இன்னொரு மிளா அங்கே பிறக்கும். காடே போய்விட்டால் பிறக்க இடம் ஏது?

சுடாதே என்று சொன்ன ஊர்கள்

குளத்துப் பறவைகளுக்கு வேறு வகையான கூட்டாளிகளும் இருந்தார்கள். செங்கற்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல். ஆங்கிலேயப் படைவீரர்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை, ஆட்சியரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்கள் உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்தார். பறவைகளின் மேல் பாசம் என்று இதை மெழுக வேண்டாம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஏரியில் பறவை இருந்தால் நெல் விளையும் என்று கண்டவர்கள் அவர்கள். காரணம் எதுவாக இருந்தால் என்ன, துப்பாக்கி வைத்திருந்த ஆட்சியிடம் துப்பாக்கி இல்லாத உழவர்கள் போய்ச் 'சுடாதே' என்று சொல்லி வென்றார்கள். இருநூறு வருடத்துக்கு முன்பு இது சின்னக் காரியமா?

நம் பக்கம் நாங்குநேரி அருகே கூந்தன்குளம். வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரைக்கு இடம் கொடுத்த ஊர். தீபாவளிக்கு வெடி கிடையாது. மங்கோலியா, திபெத்து, லடாக் பக்கம் முட்டையிடும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி இந்தக் குளம் வரை வருகிறது. 1994இல் சரணாலயம் ஆனது, 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். கோயில் மருதமரங்களில் பறவைகள் கூடு கட்டும் அந்த இடத்தை 2005இல் பறவைகள் காப்பகமாக அரசு அறிவித்தது. அரசு வருவதற்கு வெகுகாலம் முன்பே அதைக் காத்தது ஊர்.

அந்த ராம்சார் என்ற பேரைச் சொன்னேனே, அது ஈரானில் உள்ள ஓர் ஊர். 1971இல் உலக நாடுகள் சில அங்கே கூடி நீர்நிலைகளைக் காக்க உடன்படிக்கை செய்தன. அந்த உடன்படிக்கையின் முழுப்பெயரிலேயே நீர்ப்பறவைகளின் வாழிடம் என்ற சொல் இருக்கிறது. அதற்குப் பின்னால் உழைத்தவர்களில் பழைய வாத்து வேட்டைக்காரர்களும் உண்டு. இங்கிலாந்தின் பீட்டர் ஸ்காட் இளமையில் வாத்துகளைச் சுட்டுத் திரிந்தவர். 1946இல் அதே வாத்துகளுக்காக ஒரு காப்பகம் தொடங்கினார். அமெரிக்காவில் 1934 முதல் வாத்துச் சுடப் போகிறவன் ஒரு முத்திரை வில்லை வாங்கியாக வேண்டும். அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. அங்கே நிலம் அதிகம், ஆள் குறைவு. அந்த முறையை இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் வேட்டைக்காரனும் காப்பவனும் எப்போதும் எதிரெதிர்க் கட்சி என்று நினைப்பதும் சரியில்லை.

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சலீம் அலி சிறுவனாக ஒரு குருவியைச் சுட்டார். அது வழக்கமான சிட்டுக்குருவி இல்லை, கழுத்தில் மஞ்சள் இருந்தது. என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கிருந்துதான் அவருடைய பறவை ஆராய்ச்சி தொடங்குகிறது என்று சொல்லலாம். நீலகிரியில் வழக்கறிஞராக இருந்த ஈ.ஆர்.சி. தாவீதார் வேட்டையை விட்டுவிட்டு, 1970களில் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக வரையாடு எத்தனை என்று எண்ணினார். நம் தென்கோடி மலைகளும் அதில் அடக்கம். அரை நூற்றாண்டு கழித்து 2024இல் தமிழ்நாடு அரசு ஒரே நேரத்தில் கணக்கெடுத்து 1,031 வரையாடுகள் என்று அறிவித்தது. அந்தக் கணக்குக்கு முன்னோடிகளில் ஒருவர் ஒரு காலத்து வேட்டைக்காரர். இவர்களோடு நம் திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கேமராவும் நோட்டுப்புத்தகமுமாகக் காட்டில் நடந்தவர். தமிழிலும் எழுதியவர். அவர் கட்டுரைகளை இங்குள்ள ஆசிரியர்கள் மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

சட்டத்துக்குப் பிறகு

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு எடுத்த கணக்கில் நாடு முழுவதும் புலிகள் 1,827. மறு ஆண்டு புலிகள் திட்டம் தொடங்கியது. நம் களக்காடு, முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகம் ஆயின. தென்காசி, கடையநல்லூர், சிவகிரிக் காடுகள் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்தன. வேட்டை முடிந்தது. முடிந்தது நல்லது. இதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

ஆனால் முழுதும் முடிந்துவிட்டதா? பன்றிக்கு வெடி வைக்கிறார்கள். அதை யானை கடித்து வாய் கிழிந்து பட்டினியில் சாகிறது. வேலியில் சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டுகிறது. சாலையோரத்தில் கால் கட்டிய மடையானை விற்கிறான் ஒருவன். இதிலும் கூட்டம் உண்டு, கூட்டாளி கிடையாது. பிடிபட்டால் ஒருவன் இன்னொருவனைத் தெரியாது என்பான். யானை, புலி, வரையாடு போன்ற முதல் அட்டவணை விலங்கென்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. கதையாகச் சொல்ல முடியாத வேட்டை அது. பேரனிடம் சொல்லக் கூசுகிற காரியத்துக்கு என்ன வீரம் வேண்டியிருக்கிறது?

இங்கே ஒரு விவசாயி கையைத் தூக்குவார் என்று தெரியும். "ஐயா, கதையெல்லாம் சரி, என் கிழங்கைப் பன்னி தோண்டிட்டுப் போகுதே, அதுக்கு என்ன சொல்லுதீய?" நியாயமான கேள்வி. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்களே பன்றியைச் சுட உத்தரவிடலாம். தமிழ்நாட்டில் 2025 சனவரியில் அரசு வேறு வகையாக அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். இது போதுமா, வேகமாக நடக்கிறதா என்று கேட்க விவசாயிக்கு முழு உரிமை உண்டு. இழப்பீடு நேரத்துக்கு வர வேண்டும் என்று சண்டை போடவும் உரிமை உண்டு. நான் ஒன்றுதான் சொல்வேன். பயிரைக் காக்கப் பன்றியைச் சுடுவது ஒரு வேலை, அதை அதற்குரியவர்கள் செய்யட்டும். அதை வேட்டை என்று பெயர் மாற்றி, பழைய வீரத்துக்குச் சட்டை மாட்டி, இளைஞர்களை இருட்டில் அனுப்ப வேண்டாம்.

என் வேண்டுகோள்

முடிக்கும் முன் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தாமிரபரணிப் படுகைக் குளங்களில் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் சேர்ந்து நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். 2011இல் தொடங்கியது. அதற்கு முன்னால் நம் குளங்களில் என்ன வந்தது, எவ்வளவு வந்தது என்று யார் எண்ணினார்கள்? எழுத்தில் எண்ணியவர்கள் மிகக் குறைவு. ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிய பெரியவர்கள், சிறுவயதில் அப்பனோடும் மாமனோடும் குளத்துக்குள் இறங்கியவர்கள். அவர்கள் வேட்டைக் கதையில் எந்த மாதம் தாரா வந்தது, எந்த மடைப் பக்கம் உள்ளான் இறங்கியது, எந்த வருடத்திலிருந்து கூழைக்கடா வராமல் போனது என்பதெல்லாம் கலந்து கிடக்கிறது. அதை எழுதி வாங்குங்கள்.

கேட்கும்போது எத்தனை சுட்டீர்கள் தாத்தா என்று கேட்காதீர்கள். அங்கேதான் பொய் வளரும். கூட யார் வந்தார்கள் என்று தொடங்குங்கள். பெயர் சொல்வார். பெயர் வந்தால் இடம் வரும், குளம் வரும், மடை வரும். இடம் வந்தால் மாதம் வரும், என்ன பயிர் நின்றது என்று வரும். பிறகு பறவை தானாக வரும், அதுவும் நம் ஊர்ப் பெயரோடு வரும். அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, இந்த வருடம் நீங்களே குளக்கரையில் எண்ணியதற்குப் பக்கத்தில் வையுங்கள். எது போனது, எது மிஞ்சியது என்று அப்போது தெரியும். எந்தக் குளத்தைத் தூர் வார வேண்டும், எந்த மரத்தை வெட்டக் கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்ல உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

ஒரு நிபந்தனை. யாரும் தனியாகப் போய்க் கேட்கக் கூடாது, எண்ணவும் கூடாது. இரண்டு மூன்று பேராகப் போங்கள். நோட்டின் முதல் பக்கத்தில், யார் யார் போனோம் என்று எல்லோர் பெயரையும் எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்தப் பக்கத்தில் கதை சொன்ன தாத்தா பெயரும் இருக்க வேண்டும்.